அழுகண்ணியின் பூவும் வாட்டமும்

செடி வளர்க்கும் ஆர்வம் நம் மாணவரிடையே பெருகி வருதல் கண்டு மகிழாதார் இலர். விடுதி மாடங்களிலும் ஆய்வுக்கூடத்துச் சாளரங்களிலும் சிறு சிறு தொட்டிகள் இடம் பெற்றுள்ளன. ரோஜாவும் குரோட்டன்சும் துளசியுமே இருந்த அவ்விடங்களிற் பூச்சியுண்ணுஞ் செடிகளும் இப்பொழுது வந்தமர்ந்திருக்கின்றன. அவற்றுள்ளும் மாணவர் மனத்தைப் பெரிதுங் கவர்வது அழுகண்ணி. இலைதோறும் ஒளிவிடும் துளிகளும், அவற்றை நாடிவந்து அகப்படும் கொசுவின் துடிப்பும், மெல்ல வளைந்து அதனைத் தழுவிக்கொள்ளும் மயிர்களும் காண்போரை நெடுநேரம் நிறுத்திவைக்க வல்லன.

ஆனால் இவ்வின்பம் சில திங்களே நிலைக்கின்றது. இலைவட்டத்தின் நடுவினின்றும் ஒரு தண்டு எழுகின்றது, அதிற் சிறு பூக்கள் மலர்கின்றன, அதன் பின்னர் இலைகள் ஒவ்வொன்றாகக் கருகுகின்றன, துளிகள் வற்றுகின்றன. அந்நிலையில், 'செடி செத்துவிட்டது. இஃது நம் நாட்டு வெயிலுக்கு ஒவ்வாது' என்று தீர்ப்புக் கூறித் தொட்டியைக் குப்பையிற் கவிழ்த்து விடுவோர் பலர். இத்தீர்ப்புப் பெரும்பாலும் பிழையானதென்பதும், செடி பூத்து வாடுங் காலத்தே அதற்குச் செய்யும் பணியே வளர்ப்போனது அறிவை அளக்குங் கோலென்பதும் எமது கருத்து. அதனை ஈண்டுச் சிறிது விரித்துரைப்போம்.

முதற்கண் இச்செடி யாதெனக் காண்போம். தாவர நூலார் இவ்வினத்துக்கு டிராசெரா எனப் பெயரிட்டனர். பனித்துளி படிந்தது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது அப்பெயர். பனித்துளியோ கதிரவன் எழுந்ததும் மறையும். இச்செடியின் துளி நண்பகல் வெயிலிலும் மறைவதில்லை. ஆதலின் ஐரோப்பியர் இதனைச் சூரியப் பனி என்றும் அழைத்தனர். நம் நாட்டு மருத்துவரோ இத்துளிகளைக் கண்ணீராகக் கண்டு அழுகண்ணி என்றனர். தமிழிற் கண்ணி என்னுஞ் சொல் கண்ணையுடையாள் என்றும் பொருள்படும். பறவை பிடிக்குஞ் சுருக்கு என்றும் பொருள்படும். பெயரிட்டோர் முதற் பொருளையே கருதினர் போலும். ஆயினும், அழுவது போலத் தோன்றி உயிர்களை அகப்படுத்தும் இச்செடிக்கு இரண்டாம் பொருளும் வியக்கத்தக்க வகையிற் பொருந்தி நிற்கின்றது.

உலகில் இவ்வினத்தின்பாற்பட்ட வகைகள் இருநூற்றுக்கு மேற்பட்டன. அவற்றுட் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவில் உள்ளன. இந்தியாவிற்குரியனவாக மூன்று வகைகள் நெடுங்காலமாக நூல்களிற் கூறப்பட்டு வருகின்றன. முதலாவது டிராசெரா பர்மன்னி. இஃது ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சற்றே அகன்ற இலைவட்டமாய்த் தரையோடு தரையாய்க் கிடப்பது, வெண்பூக்களை உடையது. 1737ஆம் ஆண்டில் இலங்கைத் தாவரங்களைப் பற்றி நூல் வெளியிட்ட டச்சுப் பேராசிரியர் யோகன்னஸ் பர்மனின் பெயரைத் தாங்கியது. இரண்டாவது டிராசெரா இண்டிகா. நூல்போன்ற நீண்ட இலைகளுடன் நிமிர்ந்து வளர்வது. மழை பெய்து ஈரம் நின்ற புன்செய் ஓரங்களிலும் மணற்பாங்கான தாழ்நிலங்களிலும் காணப்படுவது. மூன்றாவது டிராசெரா பெல்டேட்டா என நெடுங்காலம் அழைக்கப்பெற்ற மலைவகை. கேடயம் போன்ற இலைகளுடையது. மண்ணுள் ஒரு சிறு கிழங்கை உடையது. நீலகிரி, பழனி முதலிய உயர்ந்த மலைகளின் புல்வெளிகளில் மழைக்காலத்தே தலைகாட்டுவது.

இச்செடிகள் வாழும் மண்ணைக் கையிலெடுத்துப் பார்த்தால் ஓருண்மை விளங்கும். ஈரம் உண்டு, வெயில் உண்டு, உரம் இல்லை. ஓயாது நீர் ஊறிக் கழுவுதலால் நைட்ரஜனும் பாஸ்பரமும் அங்குக் குறைவு. பிற செடிகள் வேர்வழிப் பெறுவதனை இச்செடி இலைவழிப் பெற வேண்டியதாயிற்று. ஒவ்வோர் இலையிலும் நுனி தடித்த மயிர்கள் பல நிற்கின்றன. அந்நுனிதோறும் பசைத்துளி உண்டு. பூச்சி அதில் ஒட்டிக்கொண்டதும் அயல் மயிர்கள் அதனை நோக்கி வளைகின்றன. பர்மன்னியின் வெளிமயிர்கள் சில நொடிகளிலேயே வளைந்துவிடும். பிற வகைகளிற் பல நிமிடங்களும் மணிகளும் ஆகலாம். பின்னர்ச் செரிக்கும் நீர் ஊறிப் பூச்சியின் மென்பகுதிகளைக் கரைக்க, இலை அச்சாற்றை உறிஞ்சிக் கொள்கின்றது. எஞ்சுவது உலர்ந்த தோலே.

இவ்வுண்மையை ஐயத்திற்கிடமின்றி நிறுவியவர் சார்லஸ் டார்வின். 1860ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தின் சசெக்ஸ் நாட்டுப்புறத்துப் புதர்வெளியில், வட்ட இலை அழுகண்ணியில் எத்துணைப் பூச்சிகள் ஒட்டிக் கிடக்கின்றன என்று கண்டு அவர் வியந்தார். அவ்வியப்பு அவரை விடவில்லை. பதினைந்து ஆண்டுகள் இடையிட்டு 1875ஆம் ஆண்டிற் பூச்சியுண்ணுந் தாவரங்களைப் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. அந்நூலின் மிகுபகுதி இச்சிறு செடிக்கே உரியதாயிற்று. இறைச்சி, பால், முட்டையின் வெண்கரு என நைட்ரஜன் உள்ளனவற்றை இலைமீது வைத்தும், அஃதில்லாதனவற்றை வைத்தும், இலை முன்னவற்றையே நாடி வளைந்து பற்றிக்கொள்ளும் என அவர் காட்டினார்.

எனினும் ஒரு வினா எஞ்சிநின்றது. பூச்சியை உண்பதாற் செடிக்கு உண்மையிலேயே நன்மை உண்டோ? உண்டெனின் அந்நன்மை எவ்வுறுப்பிற் சென்று சேர்கின்றது? இதற்கு விடை தேடியவர் டார்வினுடைய மகனார் பிரான்சிஸ் டார்வின். அவர் 1877ஆம் ஆண்டில் ஏறக்குறைய இருநூறு செடிகளைப் பாசி நிரப்பிய தட்டங்களில் வளர்த்தார். ஒவ்வொரு தட்டத்தையும் நடுவே தடுத்து, ஒருபுறத்துச் செடிகளுக்கு மிகச்சிறிய வறுத்த இறைச்சித் துணுக்குகளை ஊட்டினார். மறுபுறத்துச் செடிகளைப் பட்டினியாக வைத்தார். பூச்சிகள் அணுகாதவாறு எல்லாவற்றையும் மெல்லிய வலைத்துணியால் மூடினார். முடிவுகளை 1878இல் வெளியிட்டார்.

அம்முடிவுகள் எமது பொருளுக்கு இன்றியமையாதன. பூத்தண்டு நீங்கலாக, பட்டினிச் செடிகளின் நிறையை 100 எனக் கொண்டால் ஊட்டப்பெற்றவற்றின் நிறை ஏறக்குறைய 121. இது பெரிய வேற்றுமையன்று. பூத்தண்டுகளின் தொகை 100க்கு 165 ஆயிற்று. விதைகளின் தொகையோ 100க்கு 241. விதைகளின் மொத்த நிறை 100க்கு ஏறக்குறைய 380. இலையில் ஐந்திலொரு பங்கே மிகுந்தது. விதையின் நிறையோ நான்கு மடங்கை நெருங்கிற்று. இதனால் விளங்குவது யாது? அழுகண்ணி தான் ஈட்டிய பொருளிற் பெரும்பகுதியைத் தன் உடம்பைப் பெருக்குதற்குச் செலவிடவில்லை. தன் வழித்தோன்றல்களுக்கே சேமிக்கின்றது. நாம் கண்டு களிக்கும் துளியும் வளைவும் பிடிப்பும் எல்லாம் இறுதியில் அந்தச் சிறு தண்டின் நுனியிற் சென்று முடிகின்றன. அங்ஙனமாயின், தண்டு எழுந்து பூத்தபின் செடி வாடுதலைத் தோல்வி என்று கூறுதல் எவ்வாறு பொருந்தும்? உழவன் அறுவடை நாளில் நெற்றாள் பழுத்துச் சாய்வதைக் கண்டு பயிர் கெட்டதென்று அழுவானோ?

ஆயினும் வாட்டம் அனைத்தும் ஒரு தன்மையவல்ல. இதனை அறியாமையே பல செடிகள் வீணாதற்குக் காரணம். அழுகண்ணியின் வாட்டத்தை மூவகையாகப் பகுத்துக் காணலாம். ஒன்று, முடிவாகிய வாட்டம். பர்மன்னியும் இண்டிகாவும் பெரும்பாலும் ஓராண்டுச் செடிகளாகவே ஒழுகுவன. பூத்து, விதை முற்றியபின் மடிவன. அவற்றின் தொடர்ச்சி விதையிலேயே உள்ளது. இரண்டு, உறக்கமாகிய வாட்டம். மலைவகையின் தண்டும் இலையும் முற்றும் காய்ந்து மறைந்தாலும் கிழங்கு மண்ணுள் உயிரோடு கிடந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். டார்வின் ஆராய்ந்த வட்ட இலை வகையும் ஐரோப்பியக் குளிர்காலத்தில் இலைகளை இழந்து, ஓர் இறுகிய மொட்டாகச் சுருங்கி உறங்கும். மூன்று, இளைப்பாகிய வாட்டம். தென்னாப்பிரிக்காவின் கேப் நாட்டிலிருந்து வந்து இக்காலத்துச் செடி விற்போரிடம் எளிதிற் கிடைக்கும் டிராசெரா கேப்பென்சிஸ் பல்லாண்டு வாழ்வது. பூத்தபின் அது சிறிது இளைக்கலாம். மேற்பகுதி பட்டாலும் வேரினின்றும் பெரும்பாலும் மீளத் துளிர்க்கும். இம்மூன்றினையும் ஒன்றாகக் கருதி ஒரே மருந்து செய்தல், குழந்தைக்கும் இளைஞனுக்கும் முதியோனுக்கும் ஒரே பத்தியம் வகுத்தலை ஒக்கும்.

இனி, செடி வளர்ப்போரிடையே பெருவழக்காயுள்ள ஓர் அறிவுரையை ஆராய்வோம். 'பூத்தண்டு எழுந்தவுடன் கத்தரித்து எறிக. இன்றேல் செடி தன் வலிமையை எல்லாம் அதிற் செலவிட்டு மெலியும்' என்பர் சிலர். இவ்வுரை முற்றும் பொய்யென்று யாம் கூறோம். தொட்டி மாற்றியதனாலோ நெடுவழி வந்ததனாலோ நலிந்துள்ள பல்லாண்டுச் செடிக்கு முதற் பூத்தண்டை நீக்குதல் துணையாகலாம். கேப் வகையின் விதை வேண்டாதார் அதன் தண்டைக் கொய்வதிலும் குற்றமில்லை. அதன் விதை தானே விழுந்து அயல் தொட்டிகளிலெல்லாம் முளைத்துத் தொல்லை தருவதும் உண்டு.

ஆனால் அதே விதியைப் பர்மன்னிக்கும் இண்டிகாவுக்கும் செலுத்துவோர் அச்செடியின் வாழ்வை அறியாதவர். தண்டைக் கொய்தால் இலைவட்டம் இன்னும் சில நாள் நிற்கலாம். மற்றொரு தண்டை அஃது எழுப்ப முயலவுங் கூடும். அதனையுங் கொய்தால் இறுதியில் எஞ்சுவது யாது? இலையும் இல்லை, விதையும் இல்லை, வெறுந்தொட்டியே. சில நாட் காட்சிக்காக ஒரு வழிமரபையே விலையாகக் கொடுத்தல் சிக்கனமும் அன்று, அன்பும் அன்று. தம் கண்ணுக்கு இனிய பருவத்திலேயே ஒரு பொருளை நிறுத்திவைக்க விழையும் ஆசையே இதற்கு வேர். செடியின் நலம் வேறு. நம் காட்சியின்பம் வேறு. இரண்டும் முரணும்பொழுது எதனைக் கைக்கொள்கிறோமோ அதனைக் கொண்டே நாம் செடியை வளர்த்தோமா, செடியாற் பொழுது போக்கினோமா என்பது புலனாகும்.

பூக்கும் பருவத்தில் ஆற்றவேண்டிய பணிகள் அரியன அல்ல. முதலாவது நீர். மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ ஆர்.ஓ. கருவியில் வடித்த நீரோ ஊற்றுக. நம் ஊர்க் கிணற்று நீரும் குழாய் நீரும் பெரும்பாலும் உப்புடையன. உப்புச் சேரச்சேர வேர் கெடும். தொட்டியின் அடியில் ஒரு தட்டம் வைத்து அதில் ஒரு விரற்கடை அளவு நீர் எப்பொழுதும் நிற்கச் செய்க. பூத்த செடி வாடுகிறதே என்று இரங்கித் தலைமேல் நீரை வாரியிறைத்தால் துளிகள் கழுவுண்டு, பூவின் மகரந்தமுங் கெடும்.

இரண்டாவது மண். உரமற்ற பீட் கரியோடு நன்கு கழுவிய ஆற்றுமணலைக் கலந்து இடுக. தென்னை நார்த்தூள் இடுவோர் அதன் உப்பு நீங்கப் பன்முறை ஊறவைத்து அலசிய பின்னரே இடல் வேண்டும். கடல்மணல் ஆகாது. பிளாஸ்டிக் தொட்டியோ மெருகிட்ட பீங்கான் தொட்டியோ நன்று. பச்சை மண்தொட்டி உப்பைக் கசியவிடும். சாணமும் எருவும் உர உப்பும் இச்செடிக்கு நஞ்சு. வாடுஞ் செடியைத் தேற்றுவதாக எண்ணி எருவிடுவோர் அதன் முடிவை விரைவிப்போரே ஆவர்.

மூன்றாவது ஒளியும் உணவும். நல்ல வெயில் வேண்டும். கோடை நண்பகலில் மட்டும் மெல்லிய நிழல் தந்தாற் போதும். வெளியே வைத்த செடி தன் உணவைத் தானே தேடிக்கொள்ளும். மாடத்துள் வைத்ததற்கு வாரத்திற்கு ஓரிரு சிறு பூச்சிகள் போதும். டார்வினைப் பின்பற்றுவதாக எண்ணி இறைச்சித் துண்டுகளை இடுவோர், அவரும் அவர் மகனாரும் இட்டவை கண்ணுக்குத் தெரிவதே அரிதான துணுக்குகள் என்பதை மறத்தலாகாது. பெருந்துண்டு அழுகி இலையையும் அழுக்கிவிடும். வருவோர் போவோர்க்கெல்லாம் வேடிக்கை காட்டுதற்காக விரலால் இலையைத் தீண்டுதலும் தகாது. ஒவ்வொரு வளைவும் செடிக்கு ஒரு செலவு. ஊதியமின்றி அச்செலவைச் செய்வித்தல் கொடுமை.

பூவின் ஒழுக்கமும் அறிந்து மகிழத்தக்கது. தண்டின் நுனி முதலிற் சுருண்டிருந்து, சிறிது சிறிதாக நிமிர்ந்து, பூக்களை ஒவ்வொன்றாக மேலே கொணர்கின்றது. வெயிலுள்ள வேளையிற் சில மணி நேரமே பூ விரிந்திருக்கும், பின் மூடிக்கொள்ளும். பூச்சியை உண்ணும் செடி பூச்சியால் மகரந்தம் பெறவேண்டின் என் செய்யும்? பொறியாகிய இலைகள் கீழே கிடக்கப் பூவை நெடுந்தண்டின்மீது உயர்த்தி வைக்கின்றது. அன்றியும், எவ்விருந்தினரும் வாராவிடினும் பூ மூடும்பொழுது தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக் கருவுறும் ஆற்றல் பர்மன்னி, இண்டிகா, கேப்பென்சிஸ் ஆகியவற்றிற்கு உண்டு. ஆதலின் ஒரேயொரு செடி வைத்திருப்போரும் விதை பெறலாம். பிறர் துணையை நாடவேண்டுவதில்லை.

பூ உதிர்ந்த இடத்தில் விதைப்பேழை பருத்து, பசுமை மாறிப் பழுப்பாகிப் பின்னர்க் கருமை எய்தும். இக்காலத்திலேயே இலைகள் கருகத் தொடங்கும். காண்போர்க்குப் பொறுமை நீங்கும். ஈண்டுத்தான் வளர்ப்போன் நிலைத்து நிற்றல் வேண்டும். தட்டத்தின் நீரைக் குறையாமற் காத்து, பேழை உலர்ந்து வாய்விரியும் வரை காத்திருக்க. பின்னர் ஒரு வெள்ளைத் தாளை மடித்துக் கீழேபிடித்துத் தண்டை மெல்லத் தட்டினால் மிளகுத் தூளினும் நுண்ணிய கரிய விதைகள் உதிரும். அவற்றைத் தாளிலேயே பொதிந்து, பெயரும் நாளும் எழுதி, ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் வைக்க. விதைக்கும்பொழுது ஈரமண்ணின் மேலேயே தூவுக, மண்ணால் மூடற்க. ஒளி படாவிடின் அவ்விதை முளைக்காது. மேலே ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்தாற் சில வாரங்களிற் குண்டூசித் தலையளவு இலைவட்டங்கள் தோன்றும். அக்குண்டூசித் தலையிலும் துளி உண்டு. பெற்றோரின் தொழிலைப் பிறந்தவுடனே மேற்கொள்ளும் குழவிகள் அவை.

மலைவகைக்கு வேறு முறை வேண்டும். அதன் தண்டு காயத் தொடங்கியவுடன் தட்டத்தின் நீரை நீக்கி, மண்ணைச் சிறிது சிறிதாக உலரவிட்டுத் தொட்டியை நிழலில் ஒதுக்கி வைக்க. தொட்டியில், 'உறங்குகிறது, எறியற்க' என ஒரு சீட்டை ஒட்டிவைத்தல் சாலவும் நன்று. வெறும் மண் எனக் கருதிக் கொட்டப்பட்ட தொட்டிகளுள் எத்தனை உயிருள்ள கிழங்குகள் இருந்தனவோ! மீண்டும் மழைக்காலம் வரும்பொழுது நீர் ஊட்டினாற் கிழங்கு தன் கடனை மறவாது முளைக்கும்.

வாட்டத்திற்கும் நோய்க்கும் உள்ள வேற்றுமையும் அறியத்தக்கது. அடியிலை கருகி நடுத்தளிர் நலமாயிருப்பின் அது நாள்தோறும் நிகழும் முதுமையே. ஒவ்வோர் இலைக்கும் சில வாரங்களே வாழ்நாள். நடுத்தளிரே முறுக்கிக் கோணலாகத் தோன்றின் செடிப்பேன் உண்டா என்று பார்க்க. பூக்காத இளஞ்செடியின் துளிகள் எல்லாம் வற்றினால் ஒளிக்குறைவோ உலர்காற்றோ நீரின் உப்போ காரணமாகலாம். சாம்பல் நிறப் பூசணம் படர்ந்தால் பட்ட இலைகளை நீக்கிக் காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றுக. இவற்றுக்கு மருந்துண்டு. பேழை முற்றிக்கொண்டிருக்கும் பர்மன்னியின் வாட்டத்திற்கு மருந்து வேண்டுவதில்லை, காவலே வேண்டும்.

இவ்வளவும் தொட்டியைப் பற்றியன. இதனினும் பெரியதொன்றை மாணவர்க்கு உரைத்தல் எமது கடமை. தாவரநூல் பயில்வோர் மலைகளுக்குச் செல்லுங்கால் அழுகண்ணியைக் கண்டவுடன் வேரோடு பெயர்த்துத் தாளிற் பொதிந்து கொணரும் வழக்கம் இன்னும் பலவிடத்தும் உள்ளது. அச்செடி வேர் அறுந்து, ஊர்வந்து சேருமுன்னரே துளிகளை இழந்து, பெரும்பாலும் ஒரு வாரத்தில் மடிகின்றது. விதை முற்றுமுன் பெயர்க்கப்பட்டதாயின் அதனோடு அவ்விடத்து வருங்காலத் தலைமுறையும் மடிகின்றது. ஒருவர் ஒன்றைப் பெயர்த்தால் என்ன குறை என்பர். ஆண்டுதோறும் எத்தனை கல்லூரிகளிலிருந்து எத்தனை வகுப்புக்கள் அதே ஈரநிலத்தை மிதிக்கின்றன என எண்ணிப்பார்ப்பார்க்கு விடை தோன்றும்.

மேலும், அந்நிலங்களே குறைந்து வருகின்றன. நீலகிரியிலும் பழனிமலையிலும் 19ஆம் நூற்றாண்டு முதல் புல்வெளிகளிற் பெரும்பகுதி தேயிலைத் தோட்டங்களாகவும், யூகலிப்டஸ், வேட்டல், பைன் காடுகளாகவும் மாறின. அயல்நாட்டு மரங்கள் நீரை உறிஞ்சி நிழலைப் பரப்பின. திறந்த வெயிலும் நின்ற ஈரமும் வேண்டும் அழுகண்ணிக்கு அங்கு இடமில்லை. சமவெளியிலோ ஈரநிலங்கள் மேடாக்கப்பட்டு மனைகளாகின்றன. உர உப்புக் கலந்த நீர் வயலோரங்களிற் பாய்கின்றது. வறுமையான மண்ணில் வாழக் கற்ற செடி, மண் வளமாக்கப்பட்டவுடன் பிற புற்களின் நெருக்கத்தில் நசுங்குகின்றது. வறுமையைத் தாங்கிய உயிர் அயலாரின் செல்வத்தால் அழிகின்றது என்பது எண்ணுந்தோறும் வருத்தந் தருவதாம். இந்நிலையில் எஞ்சியுள்ள இடங்களில் நாமும் கைவைத்தல் தகுமோ?

'பார்க்காமல் மாணவர் கற்பதெங்ஙனம்?' என்று ஆசிரியர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஏட்டிற் கண்ட படம் உயிருள்ள இலையின் வளைவைக் கற்பிக்காது. ஆதலினாலேயே யாம் வளர்ப்புமுறையை இத்துணை விரித்துரைத்தோம். மலையிற் காணவேண்டியதை மலையிலேயே முழந்தாளிட்டுக் கைவில்லையால் கண்டு, வரைந்து, படம்பிடித்து வருக. ஆய்வுக்கூடத்திற்கு வேண்டியதை நாமே விதையிட்டு வளர்ப்போம். காட்டுவிதை வேண்டுமெனின் வனத்துறையின் இசைவு பெற்று, முற்றிய பேழைகளிற் சிலவற்றை மட்டும் கொண்டு, பெரும்பகுதியை நிலத்துக்கே விடுக. செடி விற்போரிடம் வாங்கிய அயல்நாட்டு வகைகளை நம் மலை ஈரங்களில் விடுதலும் கூடாது. அன்பின் பெயரால் செய்யப்படும் அச்செயல் பின்னர் அங்குள்ளவற்றிற்கே பகையாக முடியலாம்.

எனவே நம் கல்லூரியில் ஓர் ஏற்பாடு அமைதல் வேண்டுமென முன்மொழிகின்றோம். தாவரநூற் பகுதியில் அழுகண்ணிக்கென ஒரு தட்டமும், மழைநீருக்கென ஒரு கலமும், விதைக்கென ஒரு சிறு பெட்டியும், அவற்றோடு ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். எந்நாளில் விதைத்தது, எந்நாளில் முதற்பூ, எத்தனை பேழை, எந்நாளில் வாடிற்று என்பன அதில் எழுதப்படட்டும். இறுதி வகுப்பு மாணவர் விடைபெறும் நாளில் விதைப்பொதியையும் ஏட்டையும் அடுத்த வகுப்பாரிடம் கைமாற்றுக. இதற்குப் பொருட்செலவு மிகச்சிறிது. வேண்டுவது விடுமுறை நாட்களிலும் தட்டத்து நீரை மறவாத இரண்டொருவரே. பழைய மாணவருள் மலைநாட்டிலும் தோட்டத் தொழிலிலும் உள்ளார் தம் அறிவால் இதற்குத் துணைபுரியலாம். சில ஆண்டுகளில் அவ்வேடே நம் ஊர்த் தட்பவெப்பத்தில் இச்செடி எவ்வாறு ஒழுகுகின்றது என்பதற்கு ஒரு நற்சான்றாகிவிடும். பிரான்சிஸ் டார்வின் தட்டங்களையும் தடுப்புக்களையும் கொண்டு செய்த ஆய்வை நம் மாணவர் பர்மன்னியில் மீளச் செய்து பார்த்தற்கும் அது வழிவகுக்கும்.

எளிய செடிக்கு இத்துணை ஆரவாரம் ஏன் எனக் கேட்பாரும் உளர். பூத்துக் குலுங்கும்பொழுது பேணுதற்கு எவரும் முன்வருவர். அப்பொழுது பேணுதலில் நம் பங்கு சிறிது, செடியின் பங்கே பெரிது. துளி வற்றி, இலை கருகி, அழகென்று சொல்ல ஒன்றும் இல்லாதபொழுது, நாளும் சிறிது நீர் ஊற்றி ஒரு பேழை வெடிப்பதற்காகக் காத்திருப்பதே பேணுதல் என்னும் பெயருக்கு உரியது. அக்காலத்தே செடி தன் கடைசிப் பணியைச் செய்துகொண்டிருக்கின்றது. அதனை முடிக்கவிடுவதே நாம் அதற்குச் செய்யும் கைம்மாறு. மாணவ அன்பர்காள்! அழுகண்ணி பூத்து வாடுமாயின் தொட்டியைக் கவிழ்க்காதீர். தாளை மடித்துக் கீழேபிடித்துக் காத்திருங்கள்.